அண்ணாச்சி ஊர்ப் பிள்ளைகள் பாட்டு

டிசம்பர் 19, 2024, வியாழன்

எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். மூடியில் ஓட்டை போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் "பாடகர் குழு" என்று எழுதியிருப்பார். ஆறு வருடமாக மிச்சச் சில்லறையை அதில் போட்டு வந்திருக்கிறேன். எந்தப் பாடகர் குழு என்று கேட்டதில்லை. போன மாதம்தான் கேட்டேன்.

"எங்க ஊர்ப் பிள்ளைகம்மா. முப்பத்தோரு பேர். என் மகளும் பாடுதா. இருபத்திரண்டாம் தேதி கிறிஸ்மஸ் கேரல் ஆராதனை. இந்த வருசம் என்னால போக முடியாது. நீங்களாவது போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

கடையில் இருக்கிற இரண்டு பையன்களையும் பண்டிகைக்கு ஊருக்கு அனுப்புகிறார், அதனால் இவர் நிற்க வேண்டும். எனக்கு ஐந்து நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. கிளம்பிவிட்டேன்.

செந்தூர் எக்ஸ்பிரஸ் காலையில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. போன வருடம் டிசம்பர் 17 இரவு, சென்னைக்குக் கிளம்பிய இந்த ரயில் இதே நிலையத்தில் கிட்டத்தட்ட 800 பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எதிரே இருந்த பெரியவர் ஜன்னல் வழியாகக் கீழே காட்டினார். "சல்லிக் கல்லு பூரா அடிச்சிட்டுப் போயி, தண்டவாளம் மட்டும் அந்தரத்துல தொங்கிச்சும்மா." நீங்கள் அந்த ரயிலில் இருந்தீர்களா என்று கேட்டேன். "இல்ல, நாங்க சோறு பொங்கிப் போட்டவங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆழ்வார்திருநகரி வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அடுத்த நிலையம் நாசரேத். வெளியே கருப்பட்டிக் காப்பி 15 ரூபாய். ஆட்டோக்காரர் 250 கேட்டார். எந்த வீடு என்று சொன்னதும், "அண்ணாச்சி வீட்டுக்கா? அப்ப 200 போதும், ஏறுங்க" என்றார்.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. பிள்ளைகளின் பெயர்களும் இருக்காது. நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில், தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரத்தில் இருக்கிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் நடந்தால் தெருவில் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும்தான். வேலை செய்கிற வயது ஆண்களில் பாதிப் பேர் சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கிறார்கள், அல்லது யாரோ ஒருவர் கடையில் நிற்கிறார்கள். அண்ணாச்சியின் அம்மா இடியாப்பத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றி, மேலே கருப்பட்டியைச் சீவிப் போட்டுத் தந்தார். "அவன் இளைச்சிருக்கானா?" என்று மட்டும் மூன்று தரம் கேட்டார்.

மாலை ஆறேகாலுக்குக் கோயிலை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் பயிற்சி. இங்கே தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். பாதிரியார், ஐயர். அவர் மனைவி, ஐயரம்மா. மணி அடிக்கிறவர், கோயில்குட்டி. பாட்டு கேட்கப் போன எனக்கு முதலில் கிடைத்தது பாட்டு இல்லை. முப்பத்தோரு பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரையாண்டுத் தேர்வு நடக்கிறது, 23ஆம் தேதிதான் முடியும். தேர்வு நேரத்தில் பாட்டுக்கு அனுப்ப எந்த அம்மாவும் தயாராக இல்லையாம். அதனால் முதல் ஒரு மணி நேரம் படிப்பு. பாடகர் குழுவை நடத்துகிற ஓய்வுபெற்ற ஆசிரியரின் மனைவி, அவரும் ஓய்வுபெற்ற டீச்சர்தான், மறுநாள் பாடத்தைக் கேட்டு முடித்த பிறகுதான் ஆர்மோனியப் பெட்டி திறக்கப்படும். "பாட்டுக்குப் போனா மார்க் குறையும்னு ஒரு வீட்டுல பேச்சு வந்துட்டா போதும், மொத்தக் குழுவும் கலைஞ்சிரும்" என்றார் டீச்சர்.

ஆசிரியரை ஊரே சார்வாள் என்று கூப்பிடுகிறது. 71 வயது. ஏழேகாலுக்கு அவர் எழுந்து நின்று வலது கையை முஷ்டியாக மூடி வயிற்றுக்கு நேரே பிடித்தார். பிள்ளைகள் "டோ" என்று பாடினார்கள். உள்ளங்கையைச் சாய்த்து உயர்த்தினார், "ரே". கையைப் படுக்கையாக வைத்தார், "மீ". ஒரு சொல் பேசவில்லை. கை போன இடத்துக்கெல்லாம் முப்பத்தோரு குரல் போனது. நான் அசந்துபோனேன்.

இது டானிக் சோல்பா. 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பாட வேண்டும் என்று வளர்த்தெடுத்த முறை. சார்வாள் இதை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது கற்றிருக்கிறார். இப்போது அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

பிள்ளைகள் தேர்வுக்குப் போய்விட்டார்கள். நான் பஸ் ஏறினேன்.

மெஞ்ஞானபுரத்தில் இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே கோபுரம் தெரிகிறது. 192 அடி. பனைமரம் தவிர வேறு உயரமே இல்லாத பூமியில் அது நிற்கிற விதத்தைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. கட்டியவர் ஜான் தாமஸ் என்ற மிஷனரி. வேல்ஸ் நாட்டுக்காரர். வேல்ஸ்காரர்கள் பாட்டுக்குப் பேர்போனவர்கள். கோயில் 1847இல் பிரதிஷ்டை ஆனது, கோபுரம் பிறகு எழும்பியது. உள்ளே வெயிலின் சுவடே இல்லை. பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "பாடிப் பாருங்க, நல்லா கேக்கும்" என்றார். எனக்குப் பாட வராது. அவரே ஒரு வரி பாடினார். அந்த வரி கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

அங்கிருந்து சாத்தான்குளம், பிறகு இடையன்குடி. பஸ்சுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்ததில் மத்தியானம் ஆகிவிட்டது. கால்டுவெல் கட்டிய கோயிலைப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அதே கால்டுவெல்தான். 1847இல் தொடங்கிய கோயில் வேலை முடிய 33 வருடம் ஆனது. 1880இல் பிரதிஷ்டை. அவரும் அவர் மனைவி எலைசாவும் அதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இலக்கணத்துக்காகக் கால்டுவெல்லை எல்லோரும் நினைக்கிறோம். இந்த ஊரில் பெண்பிள்ளைகளை உட்காரவைத்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்த எலைசாவை அவ்வளவாக நினைப்பதில்லை. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

திரும்பும் வழியில் முதலூர். 1799இல் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு, முதல் ஊர் என்பதால் முதலூர். மஸ்கோத் அல்வா இங்கேதான் வாங்க வேண்டும். நெய் கிடையாது, தேங்காய்ப்பால்தான். கையில் எடுத்தால் வழுக்கும், வாயில் போட்டால் தேங்காய் மணம் நிற்கும். கடைக்காரர் ஒரு பெரிய துண்டை வெட்டி வாழையிலைக் கிழிசலில் வைத்துக் கொடுத்து, "தின்னு பாத்துட்டு வாங்குங்க" என்றார். அந்தத் துண்டே காசுக்குக் கொடுக்கும் அளவு இருந்தது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.

இரவு தையல்கார அக்கா வீட்டில். முப்பத்தோரு வெள்ளை அங்கிகளும் அவர் தைத்தவை, கூலி வாங்குவதில்லை. எல்லா அங்கிக்கும் கீழே நாலு விரல் மடிப்பு வைத்திருக்கிறார். பிள்ளை வளர வளர ஒவ்வொரு விரலாக அவிழ்த்துவிடுவார். நாலு விரலும் தீர்ந்தால் அங்கி அடுத்த பிள்ளைக்குப் போகும். பழைய மடிப்பின் கோடுகள் துணியில் அழியாமல் இருக்கின்றன. ஒரு அங்கியை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். மூன்று பிள்ளைகள் வளர்ந்த உயரம் அதில் தெரிந்தது.

டிசம்பர் 21, சனி

இன்று தேர்வு இல்லை, முழுநாள் பயிற்சி. அதற்கு முன்னால் தேரி பார்க்கலாம் என்று விடியற்காலையில் கிளம்பினேன். செக்கச்செவேலென்ற மணல், அலை அலையாக. ஓரத்தில் முந்திரியும் பனையும். பதநீருக்கு இது காலமில்லை. ஆனால் பனங்கிழங்கு வரத் தொடங்கிவிட்டது, 25 கிழங்குக் கட்டு 100 ரூபாய். அவித்துச் சூட்டோடு நார் உரித்துத் தின்ன வேண்டும். கிழங்கு விற்ற பாட்டியோடு பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தவள், கிடந்த பனைமட்டையில் காலை வைத்துவிட்டேன். மட்டையின் ஓரத்துக் கருக்கு ரம்பம் மாதிரி இருக்கும். செருப்பைத் தாண்டிக் குதிகாலைக் கிழித்துவிட்டது. நல்ல ரத்தம்.

பாட்டி தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். வேண்டாம் என்று சொல்லும் முன்பே கிழித்துவிட்டார். அந்த வழியாக வந்த வேன் என்னை ஏற்றிக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு மூன்று தையல் போட்டார்கள். வேன் டிரைவர் வெளியே காத்திருந்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "நான் பாட்டுப் பிள்ளைகளை ஏத்தத்தான் வந்தேன். வழியில கெடந்தீங்க, ஏத்திட்டேன்" என்றார்.

பகலில் அவர் ஒரு பள்ளி வேன் ஓட்டுகிறார். மாலையில் தேரி ஓரத்து மூன்று குடியிருப்புகளிலிருந்து பதினாலு பிள்ளைகளைக் கூட்டிவந்து, இரவு எட்டரைக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார். தினமும் டீசலுக்கு ஏறக்குறைய 300 ரூபாய். அதில் பாதியை அண்ணாச்சியின் பிஸ்கட் டின் தருகிறது, மீதி அவருடையது. பிள்ளைகளை ஏற்றும்போது எண்ணுவார், இறக்கும்போது எண்ணுவார். வீட்டுக்குள் விளக்கு எரிந்து, யாராவது வாசலுக்கு வந்து கையைக் காட்டினால்தான் வண்டியை எடுப்பார். "எனக்கு ராகமும் வராது ஒண்ணும் வராதும்மா. இந்த வண்டி ஒரு வாரம் நின்னா அந்தப் பதினாலும் வராது. தேரியில ராத்திரி எவ அனுப்புவா பொம்பளப் பிள்ளைய?"

இவ்வளவு நாளாக ஒரு குழந்தைகள் குழு பாடுவதைக் கேட்டால் நான் பிள்ளைகளைத்தான் பார்ப்பேன், இல்லாவிட்டால் முன்னால் கை அசைப்பவரை. அந்தப் பதினாலு பேரின் பாட்டு ஒரு வேனின் முன்விளக்கில் ஏறி வருகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

காலை நீட்டி உட்கார ஒரு பெஞ்சு போட்டுத் தந்தார்கள். நாள் முழுக்கத் தூறல். பயிற்சியை நான் முழுசாகப் பார்த்தது இன்றுதான்.

இரண்டு வகைப் பாட்டு. ஒன்று பாமாலை. ஐரோப்பிய மெட்டுகளுக்குத் தமிழ் வரிகள், பல குரல்களில் அடுக்கிப் பாடுவது. இன்னொன்று கீர்த்தனை. அது நம் இசை, புத்தகத்திலேயே ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் எழுதியவை. 1853இலேயே வெப் என்ற அமெரிக்க மிஷனரி இவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். ஒரே பிள்ளை பத்து நிமிடத்தில் இதிலிருந்து அதற்கு மாற வேண்டும். பாமாலைக்குச் சுரம் ஆடாமல் நிற்க வேண்டும். செஞ்சுருட்டி ராகத்துக்கு வந்தால் ஆடாமல் நின்றால் உயிரே இருக்காது. சார்வாள் கீர்த்தனைக்கு வந்ததும் பெட்டியில் ஆதார சுரத்தை மட்டும் அழுத்திக்கொண்டு விரல்களை எடுத்துவிடுகிறார். "இந்தக் கட்டையில கமகம் வராது, சுரத்த அசைக்க முடியாது. கட்டையோட பாடினா பிள்ளைகளும் கட்டை மாதிரி பாடும்." இப்போது பல ஊர்களில் கீபோர்டை இறைத்துக் கீர்த்தனையைக் கொல்கிறார்கள். இந்த மனிதர் விரலை எடுத்தாரே, அதற்காகவே நான் இன்னொரு தரம் இங்கே வருவேன்.

மத்தியானம் ஐயரம்மா வீட்டிலிருந்து சோறு, சாளை மீன் குழம்பு, அவியல். மணிக்கு ஒரு தரம் ஒரு அத்தை பெரிய தூக்குவாளியில் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் கொதித்த தண்ணீர் கொண்டுவருவார். ஓலைப்பெட்டி முடைந்து விற்கிறவர். பிள்ளைகளின் தொண்டை முழுவதும் அவர் பொறுப்பு. "ஏட்டி, வாயத் திற. ஐஸ் தின்னியா?" என்று ஒவ்வொருத்தியாகப் பார்ப்பார். டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் ஊர்க் கடைகளில் பாட்டுப் பிள்ளைகளுக்கு ஐஸ் விற்கக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறார், கடைக்காரர்களும் விற்பதில்லை.

பதினாலு வயதுப் பையன் ஒருவன் வரிசையில் நிற்காமல் ஜன்னலோரம் நின்றான். போன மாதம் வரை உச்சக் குரல் அவனுடையது. ஆராதனையின் முதல் வரியை வாசலில் நின்று தனியாகப் பாடுவதும் அவன்தான். திடீரென்று குரல் உடைந்துவிட்டது. மூன்று நாள் பயிற்சிக்கே வரவில்லையாம். சார்வாள் வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்திருக்கிறார். இப்போது அந்த முதல் வரி தேரிப் பக்கத்துப் பத்து வயதுப் பெண்ணுக்கு. அவள் வீட்டார் கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை, தேரியில் அருஞ்சுனை காத்த அய்யனாரைக் கும்பிடுகிறவர்கள். பேத்தி பாடுவதைக் கேட்க அவள் ஆச்சி மட்டும் தினமும் வேனில் வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருவார். எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே எடுத்தால் வரி உடையும் என்று அவளுக்குச் சொல்லித்தருவது அந்தப் பையன். பாடாமல், விரலால் காற்றில் கோடு இழுத்துச் சொல்லித்தருகிறான்.

"அவனுக்கு இன்னும் ஆறேழு மாசம் பாட்டு கெடையாது. சும்மா இருக்கச் சொன்னா வெளிய போயிருவான். அதான் வேலை கொடுத்தேன்" என்றார் சார்வாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

மூன்றரைக்கு எழுப்பினார்கள். அதிகாலைப் பஜனை. பெரியவர்களும் பிள்ளைகளும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவார்கள். என்னால் நடக்க முடியாததால் வேனில் பின்னால் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிந்தது, கோலம் போட்டிருந்தது. சில வீடுகளில் முறுக்கும் முந்திரிக்கொத்தும், ஒரு வீட்டில் கட்டங்காப்பி. மார்கழிப் பனி கழுத்தில் இறங்கியது. தூரத்தில் எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. இரண்டும் கலந்து கேட்ட இரண்டு நிமிடம் வேன் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். நான் கேட்காமலே.

சாயங்காலம் ஆறரைக்கு ஆராதனை. ஒன்பது வேத வாசகம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பாட்டு என்கிற முறை. இது இங்கிலாந்தில் ட்ரூரோவில் 1880 கிறிஸ்மஸுக்கு முந்தின இரவில் தொடங்கியது, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி 1918இல் எடுத்துக்கொண்டதும் உலகமெல்லாம் பரவியது. ட்ரூரோவில் தொடங்கிய அதே வருடத்தில்தான் இடையன்குடிக் கோயிலும் திறந்தது என்று சார்வாள் சொன்னார், அவருக்கு இந்த மாதிரி வருடங்கள் விரல்நுனியில். இங்கே முதல் வாசகம் ஒரு சின்னப் பிள்ளை, பிறகு கோயில்குட்டி, தையல்கார அக்கா, சுக்குத் தண்ணீர் அத்தை என்று போய்க் கடைசியில் ஐயர்.

விளக்குகளை அணைத்தார்கள். வாசலில் ஒரு மெழுகுவத்தி. அந்தப் பத்து வயதுப் பிள்ளை தொடங்கினாள். முதல் சொல் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டது. அவளுக்குப் பின்னால் இருட்டில் அந்தப் பையன் நிற்பது எனக்குத் தெரிந்தது, அவன் விரல் மேலே போய்க் கீழே வந்தது. அவள் அங்கே மூச்சு எடுத்தாள். பிறகு முப்பது பேரும் சேர்ந்து உள்ளே நடந்து வந்தார்கள். கடைசிப் பெஞ்சில் அவள் ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஐந்தாவது வாசகத்தில் ஒலிபெருக்கி கீச்சிட்டு நின்றது. யாரும் சரிசெய்ய எழவில்லை. அது இல்லாமலே நன்றாகக் கேட்டது. நானும் என் போனில் பதிவு செய்துகொண்டேன், ஜன்னல் திண்டில் வைத்து.

பாமாலை பாடும்போது நான் அண்ணாச்சி மகளின் குரலைத் தேடினேன். வலது பக்கம் மூன்றாவதாக நிற்கிறாள், வாய் அசைகிறது, ஆனால் குரல் தனியாகப் பிடிபடவில்லை. முடிந்ததும் சார்வாளிடம் சொன்னேன். "பிடிபட்டா பாட்டு சரியில்லன்னு அர்த்தம்" என்றார். மெல்லிய குரல் பிள்ளைகளை எல்லாம் வலது பக்கம் நிறுத்துகிறார் என்பதைக் கவனித்திருந்தேன். காரணம் இன்று தெரிந்தது. அவருக்கு இடது காது கேட்காது.

டிசம்பர் 23, திங்கள்

கடைசித் தேர்வு. பத்து மணிக்கு ஊர் அமைதியாகிவிட்டது. சார்வாள் வீட்டுக்குப் போனேன். சுவரில் முட்டிக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு. போன வருட வெள்ளம் நின்ற உயரம். வெள்ளையடிக்க மனம் வரவில்லை என்றார் டீச்சர்.

அன்று ஆர்மோனியம் கட்டிலுக்குக் கீழே இருந்திருக்கிறது. தண்ணீர் புகுந்தபோது மிதந்து கதவில் இடித்த சத்தத்தில்தான் விழித்தார்களாம். பித்தளை நாக்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. துருத்தி பிரிந்து, மரம் ஊதிவிட்டது. அந்த வருடம் கேரல் ஆராதனை நடக்கவில்லை. கோயில் ஒரு வாரம் சமையல்கூடமாக இருந்தது. கிறிஸ்மஸ் காலையில் மட்டும் பிள்ளைகள் பெட்டி இல்லாமல் இரண்டு பாட்டு பாடியிருக்கிறார்கள். பிறகு பெட்டியைத் திருநெல்வேலியில் ஒருவர் பிரித்துச் சேர்த்துக் கொடுத்தார், 4,500 ரூபாய். அந்தப் பணம் சென்னையிலிருந்து வந்தது. ஊர்க்காரர்கள் பதினொரு பேரின் கடைகளில் இதே மாதிரி டின் இருக்கிறதாம். நான் போட்ட சில்லறையும் அந்தத் துருத்தியில் எங்கோ இருக்கிறது என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது.

சார்வாளுக்கு அடுத்து யார் என்று கேட்கத் தயங்கினேன். டீச்சரே சொன்னார். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பெண், இதே குழுவில் பாடியவள், சனி ஞாயிறுகளில் வந்து கை அடையாளம் பழகுகிறாள். "ஆனா அவளுக்குக் கல்யாணம் ஆகி எந்த ஊருக்குப் போவாளோ" என்றார். சார்வாள், "போற ஊர்ல பிள்ளைக இல்லாமலா போயிரும்?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினார். டீச்சர் பதில் சொல்லவில்லை. அவருக்கு இந்த ஊர்தான் கவலை என்று பட்டது. எனக்கும் அப்படித்தான்.

இரவு ரயில். அண்ணாச்சியின் அம்மா ஓலைப்பெட்டியில் முந்திரிக்கொத்தும் கருப்பட்டியும் கட்டிக் கொடுத்தார், பாதி எனக்கு, பாதி மகனுக்கு. வேன் டிரைவர்தான் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். ரயில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.

டிசம்பர் 24, செவ்வாய்

காலையில் வீடு வந்து, தூங்கி எழுந்து, இருட்டிய பிறகு கடைக்குப் போனேன். கடையில் கூட்டம், அவர் ஒருவரே நின்றார். ஓலைப்பெட்டியைக் கொடுத்தேன். திறந்து மோந்து பார்த்து, மூடிக் கல்லாவுக்குக் கீழே வைத்தார். பதிவைப் போட்டு போனை அவர் கையில் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டார். ஒரு கையில் துவரம்பருப்பு அள்ளுகிற கரண்டி.

"என் மக எங்க நிக்கா?"

"வலது பக்கம் மூணாவது அண்ணாச்சி. மஞ்சள் ரிப்பன்."

"சரி, குரல் எது?"

சார்வாள் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் முதலிலிருந்து இன்னொரு தரம் போடச் சொன்னார். பிறகு மூன்றாம் தரம். பெருங்காயம் கேட்டு நின்ற அம்மா ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி போனைத் துண்டால் துடைத்துக் கொடுத்துவிட்டு, "அந்த ரெண்டாவது பாட்டுல, கொஞ்சம் கீழ இறங்குதுல்லா, அது அவதான்" என்றார்.

நான் ஆமாம் என்றேன்.